இந்தப் பையன் தேறுவானா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பந்தும் கையுமாகத் திரிகின்ற பையன் ஒருவன் இருப்பான். பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, அம்மா ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் திடலுக்கு ஓடுகிறவன். அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவன் ஒரு நாள் நாட்டுக்கே ஆடுவான் பாருங்கள்" என்று நீங்களும் வாய் நிறையச் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதற்காக இன்றளவும் வருந்துகிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. செராஸில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தேன். பண்டார் துன் ரசாக் பக்கம் அடுக்குமாடி வீடு. சன்னலைத் திறந்தால் 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் காற்பந்து அரங்கத்தின் விளக்குத் தூண்கள் தெரியும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழே ஒட்டுக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "சார்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எங்கள் பழைய தோட்டத்து ஆள். இப்போது லோரி ஓட்டுகிறார். அவர் மகனுக்கு ஆறு ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி ஆக்கிய பிறகு அவர்கள் செராஸுக்குக் குடிவந்துவிட்டார்கள்.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"பையனுக்கு ஆபர் வந்திருக்கு சார். வடக்க ஒரு டீமு. தங்க எடம், சாப்பாடு, மாசம் அறுநூறு வெள்ளி. ரெண்டு வாரத்துல வந்துரணுமாம். ஸ்கூல நிப்பாட்டிட்டுத்தான் போவணும். நீங்கதான சார் அவன மொத மொதல்ல கோல்ல நிக்க வச்சீங்க? நீங்களே சொல்லுங்க. தேறுவானா?"

பையனுக்குப் பதினேழு வயது. ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்குள் ஒரு பிள்ளையின் பிழைப்பே அடங்கியிருந்தது. "ஒரு வாரம் கொடுங்கண்ணே, யோசிச்சுச் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். டீ ஆறிப் போயிருந்தது.

சனவரிப் பிள்ளையும் நவம்பர்ப் பிள்ளையும்

இனி என் குற்றத்தைச் சொல்லி விடுகிறேன். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் குழுவில் ஒரு பையன் இருந்தான். ஆறாம் ஆண்டிலேயே என் தோளுக்கு மேல் வளர்ந்தவன். அவன் கோல் உதை உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். மற்றப் பிள்ளைகள் அவன் ஓடி வந்தாலே ஒதுங்குவார்கள். மாவட்டப் போட்டியில் அவன் ஒருவனாலேயே நாங்கள் அரையிறுதி வரை போனோம். பால்மரம் சீவிவிட்டு வந்து நின்ற அவன் தாயாரிடம், "அம்மா, உங்க மகன் மாநிலத்துக்கு ஆடுவான். இது நான் எழுதிக் கொடுக்கிற சீட்டு" என்றேன். வாத்தியார் வாக்கு அல்லவா? வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் புத்தகத்தைத் தொடவில்லை. பதினைந்து வயதில் மற்றப் பையன்கள் எல்லாரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பிறகு அவனிடம் தனியாக எதுவும் மிச்சம் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டான். இன்று ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. என்னைக் கண்டால் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்கிறான். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டான். சொன்னாலாவது தேவலை.

அதே குழுவில் பந்து பொறுக்கிப் போட ஒரு சின்னப் பையன் இருந்தான். குச்சிக் கால். "சார், ஒரே ஒரு தடவ நான் நிக்கட்டுமா?" என்று தினமும் கேட்பான். பத்து நிமிடம்கூட நான் விட்டதில்லை. அவன் பதினேழு வயதில் பாக்கு மரம் போல் நெட்டுக்கு வளர்ந்து, மாநில இளையோர் அணிக்கு ஆடினான். நான் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேரின் பதிவேட்டையும் பின்னர் ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். முதல் பையன் சனவரியில் பிறந்தவன். இரண்டாமவன் நவம்பர். ஒரே வகுப்பு, ஒரே வயதுப் பிரிவு. ஆனால் இருவருக்கும் இடையே பத்து மாதம்! பன்னிரண்டு வயதில் பத்து மாதம் என்பது சாதாரண வித்தியாசமா? நம் பள்ளிகளின் விளையாட்டு மன்றம் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு என்று பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பிரிக்கிறது. வேறு பல நாடுகளிலும் இப்படித்தான் ஏதோ ஒரு தேதியில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டை அடுத்துப் பிறந்த பிள்ளைகளே இளையோர் குழுக்களில் அதிகம் இருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பல நாடுகளில் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். திறமையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் பல நேரங்களில் பிறந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே ஒரு பையனை எடை போடுமுன் அவன் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள்.

கோல் காவலர் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். முன்னால் ஓடி கோல் அடிக்கிறவன் பதினெட்டில் பளிச்சிடலாம். கோல் காவலன் பலாப்பழம் மாதிரி, மெதுவாகத்தான் பழுப்பான். 1982 உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலியின் கோல் காவலரும் அணித் தலைவருமான டீனோ சோப்புக்கு அப்போது வயது 40!

நமக்கும் ஒருவர் இருந்தார். போர்ட் கிள்ளான் தந்த ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கொண்டாடிய மனிதர். 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்றும் போகாமல் நின்றார்கள். 1988 டிசம்பரில் கார் விபத்தில் அவர் மறைந்தபோது நான் சின்னப் பையன். என் அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எதிரே நின்றது யார்?

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு உண்டு. காற்பந்து என்று பெயர். ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆட்டக்காரர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். முரட்டு ஆள்கள் அவரை மோதித் தள்ளப் பாய்ந்து வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். கல்லூரியில் இந்த இடத்தில் ஆடிப் புகழ் பெற்றவர்களை, தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். உயரம், எடை, உள்ளங்கையின் அகலம், ஓட்டத்தின் வேகம் எல்லாவற்றையும் அளப்பார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வுகூட நெடுங்காலம் வைத்தார்கள். பணமோ கோடி கோடி.

அவ்வளவு அளந்தும் என்ன ஆயிற்று? 1998இல் பேட்டன் மேனிங், ரயன் லீப் இருவரில் யாரை முதலில் எடுப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. மேனிங் முதலாவதாகவும் லீப் இரண்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். மேனிங் இரண்டு முறை பட்டம் வென்ற மேதையானார். லீப் முதல் ஆளாக இறங்கிய ஆட்டங்கள் 21, வென்றவை 4. சில ஆண்டுகளிலேயே ஆட்டம் முடிந்தது. மறுபுறம் 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்பவரை 198 பேருக்குப் பிறகுதான், 199ஆவது ஆளாக எடுத்தார்கள். அவருக்கு முன்பே குவார்ட்டர்பேக் ஆறு பேர் விலைபோயிருந்தார்கள். அந்த ஒல்லிப் பையன்தான் ஏழு முறை பட்டம் வென்றார். ஏழாவது முறை வயது 43.

அங்கே சறுக்குவதற்கு ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கல்லூரியில் ஒருவனுக்கு முன்னால் நல்ல தடுப்பு ஆட்டக்காரர்கள் நின்றிருப்பார்கள். எறிய நிறைய நேரம் கிடைத்திருக்கும். எதிர்க்குழு சோடையாக இருந்திருக்கும். அவன் கணக்கு ஏடு பார்க்க அழகாக இருக்கும். மேலே போனதும் நேரம் சுருங்கும், இடைவெளி சுருங்கும். அப்போதுதான் சரக்கு தெரியும்.

இதை நம் திடலுக்குக் கொண்டு வாருங்கள். "சார், என் பையன் பத்து ஆட்டத்துல ரெண்டே கோல்தான் விட்டான்" என்று ஒரு தந்தை சொன்னால் நான் இப்போது கேட்பது, "அவன்கிட்ட எத்தன பந்து வந்துச்சு?" என்றுதான். பலமான தற்காப்பின் பின்னால் கைகட்டி நிற்கும் கோல் காவலனைவிட, நோஞ்சான் குழுவில் நின்று நான்கு கோல் வாங்கி, பன்னிரண்டு பந்தைத் தடுத்தவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும். காலையும் பார்க்க வேண்டும். சொந்த ஆள் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி வந்தது. அதற்குப் பிறகு கோல் காவலனும் பதினோராவது உதைப்பாளன் ஆகிவிட்டான். இரண்டு காலாலும் பந்தைத் தரத் தெரியாதவனுக்கு இன்று பெரிய குழுவில் இடம் கிடைப்பது கடினம்.

கோல் விழுந்த பிறகு

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. கோல் விழுந்த பிறகு பையன் என்ன செய்கிறான் என்பதுதான் அது.

2010 டிசம்பர் முதல் தேதி ஜகார்த்தாவில் நம் தேசியக் குழு இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கியது. பயிற்றுநர் நம் கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு லாவோஸ் சீ விளையாட்டில் இளையவர்களை வைத்தே தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அந்தத் தோல்விக்குப் பிறகு கைருல் பாஹ்மி என்ற 21 வயதுக் கிளந்தான் பையனைக் கோலில் நிறுத்தினார். கோல் காவலருக்குரிய உயரம்கூட இல்லாதவர். தாய்லாந்துடன் கோலின்றிச் சமநிலை. பிறகு வியட்நாமைத் தாண்டி இறுதியாட்டம். டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றோம். 29ஆம் தேதி அதே ஜகார்த்தா. அரங்கம் முழுக்கச் சிவப்புச் சட்டை. முதல் பாதியிலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி. உதைக்க வந்தவர் அவர்கள் அணித்தலைவர் பிர்மான் உத்தினா. பையன் பந்தைப் பிடித்தான்! அந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2, கிண்ணம் நமக்கு. ராஜகோபால் அந்த இளைஞரின் உயரத்தை அளந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018இல் ஆசியப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் போட்டி நம் நாட்டில் நடந்தது. அதில் அதிகக் கோல் அடித்தவர்களில் ஒருவர் லுக்மான் ஹக்கிம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளேடு உலகின் நம்பிக்கை இளைஞர்கள் 60 பேரில் ஒருவராக அவரை எழுதியது. பெல்ஜியத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். நாடே கொண்டாடியது. அங்கே முதல் அணியில் ஆடக் கிடைத்த நிமிடங்களோ மிகவும் சொற்பம். ஐஸ்லாந்து, ஜப்பான் என்று சுற்றி வர வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைமேல் குற்றம் இல்லை. பதினாறு வயதில் அவர் தலைமேல் நாம் ஏற்றி வைத்த சுமையைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

காகிதத்தில் என்ன இருக்கிறது?

பிழைப்புக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2023இல் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடியவை 14 குழுக்கள். ஒரு குழுவுக்கு மூன்று கோல் காவலர் என்றாலும் 42 பேர். அதில் களத்தில் நிற்பவர் 14 பேர்தான். மற்றவர்கள் காத்திருப்பவர்கள். முன்வரிசை ஆட்டக்காரன் களைத்தால் மாற்று ஆள் இறங்குவான்; கோல் காவலன் களைப்பதில்லையே!

குழு நிலைக்குமா என்பதும் நிச்சயமில்லை. நம் இந்தியக் காற்பந்துச் சங்கமான மீபாவின் முயற்சியில் வளர்ந்து, 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022 முடிவில் லீக்கைவிட்டே விலகியது. நம் பையன்கள் பலருக்குக் கதவு திறந்து வைத்த குழு அது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஆட்டக்காரர்களின் கதையை நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், இதே செராஸ் அரங்கத்தில் ஆடும் கோலாலம்பூர் சிட்டி 2021இல் ஜொகூரை 2-0 என்று வென்று 32 ஆண்டுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியதும் உண்மை. அன்று இரவு என் அக்காள் வீட்டு அடுக்குமாடியில் சட்டியைத் தட்டாத வீடு இல்லையாம். ஆசை வராமல் எப்படி இருக்கும்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் நடத்தும் வேலையாள் குழுவின் ஆட்டத்தில் பையனை நிற்க வைக்கச் சொன்னேன். எதிரே முப்பது, நாற்பது வயது ஆண்கள். கோலுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பந்தே ஈரத்தில் வழுக்கிக் கைக்குள் புகுந்து கோல். அவன் யாரையும் திட்டவில்லை. தானே வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துப் போட்டான். கையுறையைச் சட்டையில் துடைத்தான். பந்து எகிறிய இடத்தைப் புல்லில் காலால் தடவிப் பார்த்தான். பிறகு ஓர் அடி முன்னால் வந்து நின்றான். பத்து நிமிடத்தில் அதே மாதிரி இன்னொரு பந்து. இந்த முறை மண்டியிட்டு மார்பை அணை கொடுத்தான். மொத்தம் மூன்று கோல் வாங்கினான். இடக்கால் சுத்தமாக உதவாது. ஆட்டம் முடிந்ததும் கோல் அடித்த பெரியவரிடம் போய், "அண்ணே, அந்தப் பந்த நீங்க எங்க பாத்து அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் அந்தக் காகிதத்தை நாங்கள் மூவரும் வரி வரியாகப் படித்தோம். காயம் பட்டால் யார் பார்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. படிப்பைப் பற்றி இல்லை. சொக்சோ, இ.பி.எப். பேச்சே இல்லை. குழு நினைத்தால் பதினான்கு நாளில் அனுப்பிவிடலாம். பையன் நினைத்தால் போக முடியாது.

"அண்ணே, தேறுவான்னு என்னால சொல்ல முடியாது. மாட்டான்னும் சொல்ல முடியாது. மனசு இருக்கு, பார்த்தேன். ஆனா இந்தக் காகிதத்துல இப்பக் கையெழுத்துப் போடாதீங்க. எஸ்.பி.எம். முடிச்சிட்டு வர்றான்னு எழுதிக் கேட்போம்" என்றேன்.

நானே மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. இரண்டு வாரத்தில் அந்த இடம் வேறு பையனுக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. தாயார் மட்டும், "பரவால்ல சார்" என்றார், முகத்தைப் பார்க்காமல். பையன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு முறை சொல்லிக் கெடுத்தேன், இந்த முறை சொல்லாமல் கெடுத்துவிட்டேனோ என்று எத்தனையோ இரவு புரண்டு படுத்திருக்கிறேன்.

தேர்வில் மோசமில்லாமல் தேறினான். இப்போது ஆறாம் படிவம். மாலையில் இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு குழுவின் இளையோர் அணியில் பயிற்சி. மூன்றாவது கோல் காவலன். கூம்புகளை அடுக்குவதும் தண்ணீர்ப் புட்டி தூக்குவதும்தான் பல நாள் வேலை. தினமும் சுவரில் இடக்காலால் நூறு முறை உதைக்கிறானாம். கீழ் வீட்டுச் சீனப் பாட்டி சத்தம் போடுகிறாராம். இதை அவன் தந்தை சொல்லித்தான் தெரியும்.

சென்ற வியாழக்கிழமை அவனே கைத்தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சார், மொத ஆளுக்கு விரல் ஒடஞ்சிருச்சு. ரெண்டாவது ஆளுக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கெழம நான்தான் நிக்கிறேன்."

"எத்தனை மணிக்குடா?"

"நாலரைக்கு சார். மழ பேஞ்சாலும் ஆட்டம் உண்டு."

அக்காளுக்குச் சொல்லிவிட்டேன். குடையை எடுத்து வைத்திருக்கிறேன்.